அந்தத் தாழியை அப்படியே விட்டிருக்கலாம்

எங்கள் ஊர் வயலில் வெளிப்பட்ட ஈமத்தாழியை, அதாவது இறந்தவரை வைத்துப் புதைத்த பெரிய மண்பானையை, மர்மம் என்று காட்டுகிற அந்த வீடியோவை இந்தக் கிழமை எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. பழைய மாணவர்கள், சொந்தக்காரர்கள், கனடாவில் இருக்கிற மச்சாள் வரைக்கும். “டீச்சர் பாத்தீங்களா, எங்கட ஊர்!” பார்த்தேன். முழுவதையும் பார்த்தேன். பிறகு அந்த வட்டைக்கும், அதாவது வயல்வெளிக்கும், போய்ப் பார்த்தேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குத் தெரியவும் வேண்டாம், அங்கே தோண்டியது போதும்.

வாய்க்கால் வெட்டும்போது பெக்கோ வாளியில் தாழியின் வாய் தட்டுப்பட்டிருக்கிறது. ஓட்டிக்கொண்டிருந்த தம்பி உடனே மெஷினை நிறுத்தியிருக்கிறார். காணிக்காரர் கிடுகைப் போட்டு மூடி, நாலு பக்கமும் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காத மனிசர் இரண்டு பேர். அவர்கள் செய்தது அத்தனையும் சரி. அதற்குப் பிறகுதான் கமரா வந்தது. முதலில் பிரமிட் படம், பிறகு ராவணன் படம், பிறகு பறக்கும் தட்டு, கடைசியில் கிடுகைத் தூக்கிக் காட்டுகிற ஒரு கை. “மறைக்கப்பட்ட மர்மம்” என்று பெரிய எழுத்து. அன்று இரவே டோர்ச் வெளிச்சத்தில் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். விடியும்போது தாழி இல்லை. குழியும் உடைந்த பானை ஓடும்தான் மிச்சம்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். மண்ணுக்குள் ஒரு பழைய பொருள் தெரிந்தால் அதை எடுக்காதீர்கள். கழுவாதீர்கள். அப்படியே விடுங்கள். பொருளைவிட அது கிடந்த இடம் பெரிது. எந்த ஆழத்தில் கிடந்தது, எந்த நிற மண்ணில் கிடந்தது, பக்கத்தில் என்ன இருந்தது, மேலே என்ன படிந்திருந்தது, இவ்வளவும் சேர்ந்துதான் வரலாறு. தாழியை மட்டும் தூக்கி எடுத்தால் உங்கள் கையில் இருப்பது வெறும் பானை.

கீழடி, கீழடி என்று எல்லாரும் பெருமைப்படுகிறோம். நானும்தான். அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? 353 சென்ரிமீற்றர் ஆழத்தில் எடுத்த ஒரு கரித்துண்டிலிருந்து வந்தது. அதை அமெரிக்காவில் உள்ள ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். கி.மு. 580 என்று வந்த முடிவைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 இல் வெளியிட்டது. மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து காபனை எடுத்துக்கொண்டே இருக்கும். செத்த பிறகு எடுக்காது. அதற்குள் இருக்கும் கதிரியக்கக் காபன் 5730 ஆண்டுக்கு ஒரு தடவை பாதியாகும். மிச்சம் எவ்வளவு என்று அளந்து காலம் சொல்லுகிறார்கள். ஆனால் அந்தக் கரி எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது தெரியவேண்டும், அந்த அடுக்கு குழம்பாமல் இருக்கவேண்டும். எங்கள் வட்டையில் போன போகத்தில் எரித்த வைக்கோலின் கரியும் அந்தத் தாழியோடு கிடந்த கரியும் இப்போது ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. எந்த ஆய்வுகூடம் அதைப் பிரித்துத் தரப்போகிறது?

என் வகுப்புப் பிள்ளை ஒருவன் ஒரு ஓட்டுத்துண்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. விளிம்பு விரல் தடிப்பு. சவர்க்காரம் போட்டுக் கழுவியிருந்தான், எனக்குக் காட்டத் துப்புரவாக இருக்கவேண்டும் என்று. பிள்ளையை ஏசவும் ஏலாமல், அந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சட்டிக்குள் என்ன ஒட்டியிருந்தது, நெல் உமியா, எண்ணெய்ப் பிசுக்கா, சாம்பலா? எல்லாம் கிணற்றடி வாய்க்காலோடு போய்விட்டது.

கறுப்புச் சிவப்பு மட்பாண்டம் என்று புத்தகத்தில் படிப்பிக்கிறோமே, அதுதான் அது. சட்டியைக் கவிழ்த்து வைத்துச் சுடுவார்கள். உள்ளே காற்று இல்லாமல் கறுக்கும், வெளியே காற்றுப்பட்டுச் சிவக்கும் என்று விளக்கம் சொல்லுகிறார்கள். நெருப்பை அவ்வளவு தெரிந்துவைத்திருந்த ஒருவர் அந்தச் சட்டியைச் செய்திருக்கிறார். இந்த மண்ணில் இருந்து, இந்த மண்ணை எடுத்து. அவரைப் பற்றி அந்த வீடியோவில் ஒரு வார்த்தை இல்லை. “சாதாரண மனிதர்களால் இது சாத்தியமா?” என்று ஒரு கேள்வி. ஏன் சாத்தியமில்லை?

பிரமிட்டுக்கும் இதே கதைதான் சொல்லுகிறார்கள். 2013 இல் எகிப்தின் செங்கடல் கரையில், வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில், பாபிரஸ் தாள்கள் கிடைத்தன. மேரர் என்ற மேற்பார்வையாளர் தன் ஆட்களோடு துரா என்ற இடத்தில் சுண்ணக்கல் ஏற்றி, படகில் கீஸாவுக்குக் கொண்டுபோன நாட்குறிப்பு அதில் இருக்கிறது. கூஃபு மன்னனின் பெரிய பிரமிட் வேலைக்காக. 4500 ஆண்டுக்கு முந்திய வேலைக் கணக்கு. கீஸாவிலேயே தொழிலாளர்கள் இருந்த குடியிருப்பும், பாண் சுட்ட இடங்களும், அவர்களைப் புதைத்த கல்லறைகளும் வெளியே வந்திருக்கின்றன. கல் சுமந்தவர்களின் எலும்பே கையில் இருக்கும்போது, வேற்றுக்கிரகத்திலிருந்து ஆள் கொண்டுவருகிறோம். உழைத்தவனின் வேலையை அவன் செத்த பிறகும் பறிக்கிற வேலை இது. அதை எங்கள் குயவருக்கும் செய்தால் எனக்கு வலிக்கும். வலிக்கிறது.

எண்பதுகளில் நான் சின்னப்பிள்ளை. பெரியப்பாவின் வட்டையில், வயல் குடிலான வாடிக்குப் பக்கத்தில் கிணறு வெட்டினார்கள். இடுப்பளவு ஆழத்தில் ஒரு பானை விளிம்பு தெரிந்தது. வெட்டியவர்கள் பயந்துபோனார்கள். ஒருவர் பேய் என்றார், ஒருவர் பொன் என்றார். பெரியப்பா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: “ஆரும் கை வைக்கப்படாது. கிணத்த அங்கால வெட்டுவம்.” பக்கத்து ஊர் வாத்தியாருக்கு ஆள் அனுப்பினார். வாத்தியார் சைக்கிளில் வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். அடிமட்டத்தை வைத்து அளந்து அளந்து கொப்பியில் படம் கீறினார். மேலே கறுப்பு மண், கீழே சாம்பல் நிற மண், அதற்குள் வாய் உடைந்த பானை, பானைக்குள் ஒரு சின்னச் சிவப்புக் கல்மணி. மணியைக்கூட அது கிடந்த இடத்தில் வரைந்து முடித்த பிறகுதான் தொட்டார். பிறகு குழியை மூடச் சொன்னார். அவர் தொல்லியல் படித்தவரில்லை.

1990 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினோம். வாத்தியார் வீடு எரிந்தது. கொப்பியும் அதோடு போயிற்று. யுத்தம் கொண்டுபோனதற்கு யாரிடம் போய் அழுவது? ஆனால் இப்போது என்ன யுத்தம் நடந்தது? யார் எங்களைத் துரத்தினார்கள்? ஷெல்லுக்குத் தப்பிக் கிடந்த தாழி எங்கள் ஆட்களின் மண்வெட்டிக்குத் தப்பவில்லை.

இதை எழுதினால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். போன பதிவிலேயே சிலர் தொடங்கிவிட்டார்கள்.

ராவணனை இழிவுபடுத்துகிறேனாம். திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போய் ராவணன் வெட்டை எட்டிப் பார்த்து வளர்ந்தவள் நான். ராவணன் கதையோடு சேர்ந்த கன்னியா வெந்நீரூற்றில் குளித்திருக்கிறேன். அந்தக் கதைகளை என் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்லுவேன். நம்பிக்கைக்கு நம்பிக்கையின் மரியாதை உண்டு. ஆனால் ஒரு தாழியைக் காட்டி இது ராவணனின் யந்திரம் என்றால், அந்தத் தாழியும் எங்களுக்கு இல்லாமல் போகிறது, ராவணனும் கேலிக்கு ஆளாகிறான்.

ஏழைச் சனம், தங்கம் கிடைக்கும் என்று தோண்டியிருப்பார்கள் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அங்கே ஸ்கேனரோடு வந்தவர்கள் ஏழைகளா? ஈமத்தாழிக்குள் பெரும்பாலும் இருப்பது எலும்பும் சட்டியும் மணியும் துருப்பிடித்த இரும்பும். ஒருவருடைய தாயையோ பிள்ளையையோ வைத்து மூடிய பானை அது.

இனி அடுத்தது. இதற்கு மட்டும் நான் கோபப்படாமல் பதில் சொல்லவேண்டும். “டீச்சர், தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொன்னால் நாளைக்குக் காணியில் பலகை நடுவாங்க. மறுகா வேளாண்மை செய்யேலாது.” இந்தப் பயம் பொய்யில்லை. 2020 ஜூன் மாதம் கிழக்கு மாகாணத்தில் தொல்பொருள் மரபுரிமைகளை நிர்வகிக்க ஜனாதிபதி செயலணி அமைத்தபோது, அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. கிழக்கின் தொல்பொருளைப் பற்றிப் பேச, கிழக்கின் பெரும்பான்மையான சனத்தில் ஒருவரும் தேவைப்படவில்லை. அதை நான் மறக்கவில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் காணிக்காரர் ஒருவர் பழைய செங்கல்லைக் கண்டால் பயந்து மூடுகிறார் என்றால், அந்தப் பயத்தை அவர் கனவில் காணவில்லை.

சரி. அதற்கு உடைப்பதா பதில்? வழக்குக்குப் போகவேண்டியவன் தன் காணி உறுதிப் பத்திரத்தைத் தானே கிழித்துப் போடுவானா? எங்கள் மண்ணில் எங்கள் மூதாதையர் இருந்ததற்கு அந்த மண்ணடுக்குத்தான் சாட்சி. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் கண்டெடுத்த முத்திரை ஒரு சின்னப் பொருள். பிராமி எழுத்தும் குறியீடுகளும் உள்ள அந்த முத்திரை பெருங்கற்கால ஈமக்குழியில், எலும்புக்கூட்டோடு கிடந்தது. அதனால்தான் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அதே முத்திரையை யாராவது சந்தையில் விற்றிருந்தால் ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான்.

காலி மும்மொழிக் கல்வெட்டை எடுங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்டது, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் அதில் இருக்கின்றன. அது 1911 இல் காலியில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்தது. தென்னிலங்கையில் தமிழுக்கு இருந்த இடத்தைச் சொல்லுகிற அந்தக் கல்லை ஒருவன் சம்மட்டியால் பிளந்திருந்தால் இன்றைக்கு நாங்கள் எதைக் காட்டுவோம்? எங்கள் மாவட்டத்துப் பிராமிக் கல்வெட்டுகளைப் பேராசிரியர் சி. பத்மநாதன் தேடி வந்து வாசித்தார். வாசிக்கக் கல் இருந்தது, வாசித்தார். இனி வருகிறவருக்கு நாங்கள் எதை மிச்சம் வைத்திருக்கிறோம்?

காணி பறிபோகும் என்று பயப்படுகிறவர்கள் தனியே போகவேண்டாம். கிராம உத்தியோகத்தரையும் கோயில் நிர்வாகத்தையும் வயல் வேலைகளைக் கவனிக்கிற வட்டைவிதானையையும் சேர்த்துக்கொண்டு போங்கள். போவதற்கு முன் படம் எடுங்கள், திகதி எழுதுங்கள், ஆழம் அளந்து எழுதுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பிக்கிற எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். பதிவு எங்கள் கையிலும் இருந்தால், பிறகு யாரும் தங்கள் விருப்பத்துக்குக் கதை எழுத ஏலாது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: அனுமதியில்லாமல் பழம்பொருளுக்குத் தோண்டுவது 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம். தோண்டியவன் ஓடிவிடுவான். காணிக்காரர்தான் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார். இப்போதும் அவர்தான் நிற்கிறார்.

1974 இல் சீனாவில் சியான் நகருக்குப் பக்கத்தில் கிணறு வெட்டிய விவசாயிகளின் மண்வெட்டியில்தான் சுடுமண் படைவீரர்கள் தட்டுப்பட்டார்கள். எங்களைப் போல வேளாண்மைக்காரர். ஆயிரக்கணக்கான வீரர்கள் வெளியே வந்தார்கள். காற்றுப்பட்டதும் அந்தச் சிலைகளில் இருந்த வர்ணம் சில நிமிடங்களில் சுருண்டு உதிர்ந்ததைக் கண்டதால், அந்த வீரர்கள் காவல் நின்ற பேரரசரின் சமாதியை இன்றுவரை திறக்காமல் வைத்திருக்கிறார்கள். திறக்கப் பணமில்லாத நாடா அது? காத்திருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு இரவு காத்திருக்க ஏலவில்லை.

அந்தத் தாழி எத்தனை ஆண்டுப் பழையது என்று எல்லாரும் என்னிடம் கேட்கிறீர்கள். இனி யாராலும் உறுதியாகச் சொல்ல ஏலாது. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மர்மம், மர்மம் என்று கத்தியே விடை சொல்லக்கூடியதை உண்மையிலேயே மர்மமாக்கிவிட்டார்கள்.

ஓட்டுத்துண்டு, மணி, இரும்பு எதுவும் வீட்டில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கழுவவேண்டாம். கடதாசிப் பையில் போட்டு, குழியின் எந்தப் பக்கத்தில் எடுத்தீர்கள் என்று எழுதி என்னிடமோ காணிக்காரரிடமோ தாருங்கள். பெயர் கேட்கமாட்டோம். குழியின் கிழக்குப் பக்கச் சுவர் இன்னும் இடியவில்லை, மண்ணடுக்கு அங்கே தெளிவாகத் தெரிகிறது. மாரி விழுந்தால் அதுவும் கரைந்துவிடும். காணிக்காரரிடம் கேட்டுவிட்டேன். தோண்டாமல், எதையும் தொடாமல், அளவுநாடா பிடித்துப் படம் எடுக்க ஞாயிற்றுக்கிழமை காலை போகிறேன். பல்கலைக்கழகத்திலிருந்து வரக்கூடியவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். வீடியோ போட்ட தம்பியும் வரட்டும், அவருடைய கமரா நல்ல கமரா.