பிரைவேட் பீச் கேட்பவர்களுக்கு

மொரீஷியஸில் வாக்கப்பட்டு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து எனக்கு வரும் மெசேஜ்களில் முக்கால்வாசி ஒரே மாதிரி இருக்கும். "அக்கா, ஹனிமூனுக்கு வர்றோம். நல்ல ரிசார்ட்டா ஒண்ணு சொல்லுங்க. கடலை ஒட்டி இருக்கணும். பிரைவேட் பீச்னா இன்னும் நல்லாருக்கும்." முன்பெல்லாம் நாலைந்து பெயரை எழுதி அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். போன ஜூலையில் மாமனாரோடு ஒரு பழைய ஹோட்டலில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வந்தேன். அதற்கப்புறம் வெறும் பெயரை எழுதி அனுப்ப மனசு வரவில்லை. இனி கேட்பவர்களுக்கு இந்தப் பதிவைத்தான் அனுப்பப்போகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பிரைவேட் பீச். இங்கே அப்படி ஒன்று கிடையாது. கடல் ஏறி வரும்போது தண்ணீர் தொடும் உச்சக் கோடு ஒன்று இருக்கிறதே, அதற்குக் கீழே உள்ள மணல் எல்லோருக்கும் பொது. அந்தக் கோட்டிலிருந்து நிலத்துப் பக்கம் குறைந்தது 81.21 மீட்டர் அகலத்துக்கு அரசு ஒதுக்கு நிலம். 'பா ஜியோமெத்ரிக்' என்பார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்து அளவு. ஐம்பது காலடி என்று கணக்கு. ஒரு காலடி ஏறக்குறைய 1.62 மீட்டர், யாருடைய காலோ தெரியவில்லை. எதிரிக் கப்பல் வந்தால் தடுக்க வேண்டுமென்று கரையோரத்தை யாருக்கும் எழுதிக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். இப்போது அந்த இடத்தில்தான் சாய்வு நாற்காலிகள் கிடக்கின்றன. நிலம் ஹோட்டலுடையது இல்லை, குத்தகை.

இதெல்லாம் எனக்குச் சொன்னவர் மாமனார். இங்கே மாமனாரைப் 'பாப்பா' என்று கூப்பிடுவார்கள். வந்த புதிதில் அம்மாவிடம் போனில் "மெதுவா பேசு, பாப்பா தூங்குறாரு" என்று சொல்லி, அந்தப் பக்கம் நாலு வினாடி மௌனம். அம்மா பேத்தியா பேரனா என்று குழம்பிப்போய், "எனக்கு ஏண்டி சொல்லல?" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள்.

பாப்பாவுக்கு 72 வயது. கரும்புத் தோட்டக் குடும்பம். 1979-ல் கிழக்குக் கரையில், பெல் மார் பக்கம் ஒரு ஹோட்டலில் தோட்டக்காரராகச் சேர்ந்து 34 வருஷம் வேலை பார்த்தார். ஒரு ராத்திரிகூட அங்கே தூங்கியதில்லை. குளிர்காலத்தில் (இங்கே ஜூலைதான் குளிர்காலம்) வெளிநாட்டுக்காரர்கள் குறையும்போது உள்ளூர்க்காரர்களுக்கு விலையைக் குறைத்துக் கொடுப்பார்கள், 'தாரிஃப் ரெசிதான்' என்று. அடையாள அட்டையைக் காட்டினால் போதும். என் கணவர் அதில் இரண்டு அறை போட்டுவிட்டார். பாப்பா, "அங்க போய் நான் என்ன பண்றது?" என்றார். (அவர் பேசுவது க்ரியோல், இங்கே பேசும் பிரெஞ்சுக் கலப்பு மொழி. தமிழில் அவருக்கு வருவது கோவில் பாட்டுகளும் சாப்பாட்டுப் பெயர்களும்தான். நான் தமிழாக்கித் தருகிறேன்.)

காத்ர் போர்னிலிருந்து மோக்கா, கார்த்தியே மிலித்தேர் வழியாகப் போனோம். அறுவடைக் காலம், வழியெல்லாம் கரும்பு லாரிக்குப் பின்னால் ஊர்ந்தோம். ஹோட்டல் வாசலில் இறங்கியதும் பாப்பா தலையைத் தூக்கி லாபியின் கூரையைப் பார்த்தார். நான் ஏதோ நெகிழப்போகிறார் என்று போனைக்கூட எடுத்துவிட்டேன். "ஓலை மாத்தி மூணு வருஷம் ஆயிருக்கும். மேற்குப் பக்கம் ஒழுகும்" என்றார். அன்று ராத்திரி மழை பெய்தது. மேற்குப் பக்கம் ஒழுகியது.

மறுநாள் விடிகாலை நாலரைக்குக் கதவைத் தட்டினார். வேலைக்குக் கிளம்பும் நேரம், உடம்பு மறக்கவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு கூடப் போனேன். வெப்பமண்டலத் தீவு என்று நம்பி ஸ்வெட்டர் இல்லாமல் ஜூலையில் கிழக்குக் கரைக்கு வந்துவிடாதீர்கள். தென்கிழக்குக் காற்று காதைப் பிய்த்துவிடும்.

அந்த அரை இருட்டில் கடற்கரையில் ஆறேழு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நான் பதினோரு வருஷமாகப் பார்க்கும் 'யார் காலடியும் படாத வெண்மணல்' அப்போதுதான் தயாராகிக்கொண்டிருந்தது. ராத்திரி ஒதுங்கிய கடல்பாசியை வாரி மூட்டை கட்டுகிறார்கள். பின்னால் ஒருவர் வாருகோலை இழுத்துக்கொண்டே நடக்கிறார். தன் காலடித் தடத்தையும் தானே அழித்துக்கொண்டு பின்னோக்கிப் போகிறார். கோலம் போடுகிறவர்கள் அப்படிப் போவார்கள். பாப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாசியை இப்படி ஒட்ட வாரக்கூடாது. ஒவ்வொரு மூட்டையிலும் பாதி மணல் போகுது" என்றார். வாரவில்லையென்றால் விருந்தாளிகள் புகார் சொல்வார்களாம். அழுக்குக் கடல் என்று.

தென்னைகளைக் காட்டினார். ஹோட்டல் தென்னையில் காய் தொங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் அதுவரை கவனித்ததே இல்லை. தலையில் விழுந்துவிடும் என்று முற்றுவதற்கு முன்பே இறக்கிவிடுகிறார்கள். மட்டையையும் கழித்துவிடுகிறார்கள். படத்தில் வரும் அந்த அழகான தென்னை என்பது வருஷம் முழுக்க ஒருவர் ஏறி இறங்கும் தென்னை. ஹோட்டல் எல்லை முடிந்ததும் பொதுக் கடற்கரை, அங்கே வெறும் சவுக்குத்தான். 'ஃபிலாவோ' என்பார்கள். "போஸ்ட் கார்டுக்குத் தென்னை, நிழலுக்குச் சவுக்கு" என்றார் பாப்பா.

இதுதான் நான் சொல்ல வந்தது. கடலை ஒட்டிய ஹோட்டலில் நீங்கள் கொடுக்கும் காசு கடலுக்கு இல்லை. கடல் சும்மா கிடைக்கிறது. அலையை வெளியிலேயே நிறுத்தி உள்ளே இடுப்பளவு தண்ணீரில் குழந்தைகளை விளையாட விடுவது பவளப்பாறை, அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. நீங்கள் காசு கொடுப்பது விடிவதற்கு முன் நடக்கும் வேலைக்கு. அந்த வேலை கண்ணில் படாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் பில். கண்ணில் படாததால்தான் நாம் அதை 'இயற்கை' என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போடுகிறோம்.

இதைக் கேட்டு ஹோட்டலே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். போங்கள், தங்குங்கள். அதிலும் எழுபதுகளில் கட்டிய பழைய ஹோட்டல் கிடைத்தால் விடாதீர்கள். தாழ்ந்த கூரை, அகலமான தாழ்வாரம், நாற்பது வருஷத்து மரங்கள். புதுசாக வருவதெல்லாம் கண்ணாடியும் சிமெண்டும். ஏர்போர்ட் லவுஞ்சில் தூங்கி எழுந்த மாதிரி இருக்கிறது.

அந்தப் பழைய மரங்களில் ஒன்று நாட்டு வாதுமை, இங்கே 'பதாமியே'. பாப்பா சேர்ந்த வருஷம் அது தண்ணீரிலிருந்து இருபது எட்டு தள்ளி இருந்ததாம். அன்றைக்கு நடந்து எண்ணினோம். ஐந்து. வேர் வெளியே தெரிகிறது. லகூனுக்குள், அதாவது பவளப்பாறைக்கு உட்பக்கத்து ஆழமில்லாத கடலில், மணல் அள்ளிக் கட்டிடத்துக்கு விற்கும் தொழில் இங்கே வெகுகாலம் நடந்தது. 2001-ல்தான் தடை வந்தது. தண்ணீர் சூடாகிப் பவளம் வெளுத்துச் சாகிறது. இந்த வெள்ளை மணல் முழுக்கப் பவளமும் சிப்பியும் பொடிந்து வந்ததுதானே, பாறை செத்தால் புது மணல் எங்கிருந்து வரும்? பக்கத்தில் கருங்கல் சுவர் கட்டினால் அந்த இடம் தப்பிக்கும், அடுத்த இடத்து மணல் போகும். பாப்பாவிடம் இவ்வளவு விளக்கம் கிடையாது. "கெத் சா" என்றார். 'இதைப் பாரு' என்று அர்த்தம். வேரைக் கையால் தடவிவிட்டு நடந்துவிட்டார்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பஃபே எங்கேயும் பஃபேதான். ஒரு ராத்திரி 'மொரீஷியன் நைட்'. முருங்கைக்கீரைக்கு முன்னால் 'ப்ரேத் முரூம்' என்று சீட்டு, சட்னிக்கு முன்னால் 'கோத்தமிலி' என்று சீட்டு. முருங்கையும் கொத்தமல்லியும் கப்பலேறி வந்து, பேரை மட்டும் லேசாக மாற்றிக்கொண்டு, வெள்ளித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. ரசமும் உண்டு, 'ரசோன்'. பாப்பா ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். மிளகு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் கூத்து. எங்களுக்குக் கையில் கட்டிவிட்ட ஆல் இன்க்ளூசிவ் (சாப்பாடு, குடி எல்லாம் சேர்த்து முன்பே காசு கட்டியது) பட்டையைப் பாப்பா முதல் நாளே கழற்றிவிட்டார், அரிக்கிறதாம். கரையோரமாக நடந்து பொதுக் கடற்கரைக்குப் போயிருக்கிறார். ஞாயிறன்று அங்கே பஸ் பஸ்ஸாகக் குடும்பங்கள் வந்து இறங்கும். சவுக்குக்கு அடியில் துணிப்பந்தல், பிரியாணி அண்டா, ரவான் மேளத்தைத் தீயில் காய்ச்சி வைத்துக்கொண்டு சேகா பாட்டு. அங்கே அன்னாசியைச் சுருள் சுருளாகச் சீவி மிளகாய், உப்பு, புளி போட்டுத் தருவார்கள். அதை ஒரு பையில் வாங்கிக்கொண்டு, பழைய அரை டவுசரும் ரப்பர் செருப்புமாகத் திரும்பி வந்திருக்கிறார். ஹோட்டல் காவலாளிப் பையன் மறித்துவிட்டான். "தோந்தோன், இது விருந்தாளிங்களுக்கு மட்டும்." (தோந்தோன் என்றால் மாமா. மரியாதையாகத்தான் சொன்னான்.)

நான் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாப்பா பதில் பேசவில்லை. அறை எண்ணும் சொல்லவில்லை. குனிந்து மணலைப் பார்த்தார். இரண்டு எட்டு பின்னால் வைத்து ஈர மணலில் போய் நின்றார். "இப்ப நான் உன் ஹோட்டல்ல இல்ல" என்றார். அலை வந்து செருப்பை நனைக்கிறது. பையைப் பிரித்து அன்னாசியைத் தின்ன ஆரம்பித்துவிட்டார். பையன் வாக்கிடாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நிற்கிறான். என் கணவர் பட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார். அதற்குள் பாப்பா அந்தப் பையனுக்கும் ஒரு துண்டு கொடுத்துவிட்டார். அவனும் தின்றுகொண்டிருந்தான், கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று.

எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. கோட்டுக்குக் கீழே நடந்து வந்த ஒரு மனிதரை உடுப்பைப் பார்த்து எடை போடச் சொல்லிக் கொடுத்த ஏற்பாட்டின்மேல்தான் கோபம். நீங்கள் 'பிரைவேட் பீச் இருக்கா' என்று கேட்கும் ஒவ்வொரு தடவையும் அந்த ஏற்பாட்டுக்குத்தான் ஆர்டர் கொடுக்கிறீர்கள்.

ஆல் இன்க்ளூசிவ் எடுக்காதீர்கள் என்பேன். காசு கட்டியாச்சே என்று வாசலைத் தாண்ட மனசு வராது. காலைச் சாப்பாடு மட்டும் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஃப்ளாக் சந்தைக்குப் போய்ச் சுடச்சுட தால்பூரி தின்றுவிட்டு, மதியம் சவுக்கு நிழலில் படுங்கள். தண்ணீரில் ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். கல்மீனும் கடல் முள்ளெலியும் விருந்தாளி என்று பார்க்காது. அறை சுத்தம் செய்கிறவருக்குக் கையில் கொடுங்கள், மேசைமேல் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பாப்பா கொடுத்தது மொரீஷியஸ் 100 ரூபாய் நோட்டு. இங்கத்துத் தமிழ் வம்சாவளி அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் படம் போட்டது, தமிழ் எழுத்தும் இருக்கும். எங்கள் அறைக்கு வந்த பெண் மடகாஸ்கர்க்காரி. இப்போது ஹோட்டல் வேலைக்கு உள்ளூர் ஆள் போதவில்லை. அவளிடம் பாப்பா அந்தத் தமிழ் எழுத்தைத் தொட்டுக் காட்டி, "இது எங்க தாத்தா பாஷை" என்றார். வாசிக்கச் சொல்லியிருந்தால் திணறியிருப்பார். நல்லவேளை, அவள் கேட்கவில்லை.

கிளம்பும்போது ரிசப்ஷனில் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். கணவரும் நானும் 'அருமை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பாப்பா கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் பிரெஞ்சில் ஒரே ஒரு வரி எழுதினார். நீச்சல் குளத்துக்குப் போகும் வழியில் மூன்றாவது தென்னையில் காய் முற்றியிருக்கிறது, யார் தலையிலாவது விழும்.

இரண்டு நாள் கழித்து 'உங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று மெயில் வந்தது. பாப்பா அதை நம்பவில்லை. இன்னும் அங்கே வேலையில் இருக்கும் பழைய கூட்டாளிக்குப் போன் போட்டார். "ஏறிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். ஏறிவிட்டார்களாம். எத்தனை காய் என்று அடுத்த கேள்வி.