அம்மாவுக்கென்று தனிக் குழம்பு வேண்டாம்

இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களுக்கு மட்டும் உப்பில்லாமல் தனியே சமைத்துக் கொடுக்கும் வழக்கம், யாங்கோனில் நம் தமிழ் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. அது தவறு என்பதை என் தாயாரின் துன்பத்தைப் பார்த்தே நான் கற்றுக்கொண்டேன். 74 வயதான அவருக்கு மேல் அழுத்தம் 170க்குக் கீழே இறங்காமல் நின்றபோது, மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னார். அன்றே ஒரு சிறு சட்டியில் அவருக்கென்று உப்பில்லாக் குழம்பு வைத்தோம். நாங்கள் கருவாட்டுக் குழம்பும் நாப்பி என்னும் பர்மிய உப்பு மீன் விழுதுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் இரண்டு கவளத்தோடு எழுந்துவிடுவார். ஒரு மாதத்தில் உடல் இளைத்ததே தவிர அழுத்தம் இறங்கவில்லை. பிற்பகலில் எல்லோரும் உறங்கும் நேரம் பார்த்து ஊறுகாயோடு பழைய சோறு சாப்பிட்டு வந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்காக அவரைக் கடிந்துகொண்டேன்; அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

வயது ஏற ஏற நாவின் சுவையுணர்வும் மூக்கின் மணவுணர்வும் மங்குவதால், வழக்கமான உப்பே முதியவர்களுக்குப் போதாததுபோல் தோன்றும். அதே வயதில் இரத்தக் குழாய்கள் விறைத்துப்போவதால், உண்ட உப்பு இளையவர்களைவிட அவர்களுக்கு அழுத்தத்தை அதிகமாக ஏற்றுகிறது. இதை அறியாமல், நாக்கை அடக்கத் தெரியவில்லை என்று அவர்களைப் பழிப்பது கொடுமை.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் உட்பட்ட அளவு. பர்மாவில் வாழும் நமக்கோ உப்புச் சாடியைத் திறப்பதற்கு முன்பே அதில் பெரும்பங்கு உள்ளே போய்விடுகிறது. காலையில் கடையில் வாங்கும் மொஹிங்கா என்னும் மீன் குழம்பு நூடுல்ஸ், மதியச் சோற்றுக்கு நாப்பி, மாலையில் லப்பெத் என்னும் ஊறவைத்த தேயிலை என்று நாள் முழுவதும் உப்புதான். அஜினமோட்டோ கரிக்காது என்பதால் அதை யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை; ஆனால் சாதாரண உப்பில் இருக்கும் சோடியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிலும் இருக்கிறது.

ஆகவே வீடு முழுவதற்கும் ஒரே குழம்பு என்று முடிவு செய்தோம். உப்பை ஒரே நாளில் நிறுத்தாமல் வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் குறைத்தோம். சில வாரங்களில் நாக்கு பழகிவிட்டது. புளிப்பு இருந்தால் உப்புக் குறைவது தெரிவதில்லை. இந்நாட்டில் எங்கும் கிடைக்கும் புளிச்சக்கீரையை, பர்மியர் செய்வதுபோல் நாப்பி சேர்க்காமல், பூண்டும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கினால் அம்மா இன்னும் கொஞ்சம் சோறு கேட்கிறார். பருப்பும் கீரையும் பழமும் கூடினால் அழுத்தம் இறங்கும் என்பதை அமெரிக்காவில் 'டாஷ்' உணவுமுறை ஆய்வு 1997இலேயே காட்டியது. அதோடு உப்பையும் குறைத்தால் மேலும் இறங்கும் என்பதை 2001இல் வெளிவந்த அடுத்த ஆய்வு காட்டியது. மூன்று மாதங்களில், அதே மாத்திரையோடு, அம்மாவின் அழுத்தம் 150க்கு அருகில் வந்தது. மாத்திரையை நாங்களாக நிறுத்தவில்லை. யாரும் நிறுத்தவும் கூடாது.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை வாங்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்படுவதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சிலவகை அழுத்த மாத்திரை உண்பவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்து இதயத்துடிப்பே தடுமாறக்கூடும். ஏப்ரல் வெயிலில் வியர்த்து ஒழுகும்போது, சிறுநீர் பிரிக்கும் மாத்திரை உண்ணும் பெரியவர்கள் உப்பை அடியோடு விட்டுவிட்டால், தலைசுற்றி விழவும் நேரலாம்.

லப்பெத் மீது அம்மாவுக்குள்ள ஆசையை நாங்கள் தடுக்கவில்லை. ஞாயிறு மாலையில் ஒரு சிறு கிண்ணம் அவருக்கு உண்டு. அன்று மதியக் குழம்பில் உப்பு இன்னும் சற்றுக் குறையும், எங்கள் எல்லோருக்குமே.