சம்சாரம் எரிந்துபோன செய்தி

புனேயில் வேலைக்குச் சேர்ந்த புதிது. இந்தி படித்திருந்த தைரியத்தில் மராத்திப் பேப்பரையும் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதானே. ஒரு நாள் காலை, குடிசைப் பகுதியில் தீப்பிடித்த செய்தி. தலைப்பு: 'அனேக சன்சார் ஜளூன் காக்'. பல சம்சாரங்கள் எரிந்து சாம்பல்! பகீர் என்றது. உள்ளே படித்தால் உயிர்ச்சேதம் எதுவும் இல்லை என்று போட்டிருக்கிறது.

வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். காகு என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் அடுப்படியைக் கையால் சுற்றிக் காட்டினார். "இதுதான் சன்சார்." தவா, மாவு டப்பா, தண்ணீர்க் குடம், மூலையில் சுருட்டி வைத்த பாய் எல்லாம் அதில் அடக்கம். நம் ஊரில் குடித்தனம் என்கிறோமே, அது. வெள்ளம் வந்தாலும் அங்கே 'சன்சார் உகட்யாவர்' என்று எழுதுவார்கள். குடித்தனம் வெட்டவெளிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

இதே சொல் இந்தியில் உலகம். 'சாரா சன்சார்' என்றால் உலகம் முழுக்க. நேபாளியிலும் உலகம்தான். வங்காளத்துக்குப் போனால் 'ஷொங்ஷார்' ஆகி, மறுபடி வீட்டுக்குள் வந்துவிடும். 'ஷொங்ஷார் சொலே நா' என்று ஒருவர் புலம்பினால் உலகம் நின்றுவிட்டதாக நினைக்கக் கூடாது. வருகிற சம்பளத்தில் குடும்பம் ஓடவில்லை, அவ்வளவுதான். சத்யஜித் ராயின் வங்காளப் படம் 'அபுர் சன்சார்' (1959) ஆங்கிலத்துக்குப் போனபோது 'தி வேர்ல்ட் ஆஃப் அபு' ஆனது. தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அபு கல்யாணம் செய்து, கல்கத்தாவில் ஒற்றை அறையில் குடித்தனம் வைக்கிறானே, அந்த அறை தலைப்பிலிருந்து கழன்று போய்விட்டது.

இதை இப்போது எழுதக் காரணம், அடிக்கடி கண்ணில் படும் ஒரு வாதம். சமஸ்கிருதச் சொல் தெரிந்தால் இந்திய மொழிகள் பாதி புரிந்துவிடுமாம். என் அனுபவத்தில் நான் வழுக்கி விழுந்ததெல்லாம் அந்தப் பாதியில்தான். தெரியாத சொல் வந்தால் நின்று கேட்போம். தெரிந்த சொல் என்றால் கேட்காமலே தாண்டிப் போய்விடுவோம். ராகம் என்று நாம் சொல்வது மராத்தியிலும் வங்காளத்திலும் கோபம். இந்தியில் கல்வியாக இருக்கிற 'சிக்ஷா' மராத்தியில் தண்டனை. (பள்ளிக்கூட நினைவு உள்ளவர்களுக்கு இதில் குழப்பம் வராது.)

இன்னொரு வாதம் இதைவிட எரிச்சல். சம்சாரம் என்றால் பிறவிச் சுழற்சி, அதைப் பெண்டாட்டி என்று ஆக்கியது தமிழன் செய்த கொச்சை என்பது. சரி, மூலத்துக்கே போவோம். 'ஸ்ரு' என்றால் ஓடுதல், பாய்தல். முன்னால் 'சம்' சேர்ந்து, பிறவி பிறவியாக அலைந்துகொண்டே இருப்பது. சிங்களத்தில் 'சசர' என்று சொன்னால் இன்றைக்கும் இந்தப் பொருள்தான். இதிலிருந்து அடுப்படிக்கு எப்படி வந்தது? துறவிகள் வழியாக என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வீட்டை விட்டுப் போனவனுக்கு வீடுதான் சுழல், அதில் மாட்டியிருப்பவன் சம்சாரி. குஜராத்தி ஜைனர்கள் ஒரு சாதுவின் தாயைக் குறிப்பிடும்போது 'சன்சாரி பக்ஷே' தாய் என்பார்கள். துறவுக்கு முந்தைய, வீட்டு வழி உறவு என்று அதற்குப் பொருள். அதே குஜராத்தியில் கல்யாணமாகிக் குடித்தனம் தொடங்குவதும் 'சன்சார் மாண்ட்வோ'தான். துறவி அலுத்துக்கொண்டு சொன்ன சொல்லை வீட்டுப் பெண்கள் எடுத்துத் துடைத்து அடுப்பு மேல் வைத்துக்கொண்டார்கள். மராத்தியில் 'சுகாசா சன்சார்' என்பது வாழ்த்து. சுகமான குடித்தனம்! எந்த சந்நியாசி ஒப்புக்கொள்வார்?

குடித்தனத்திலிருந்து மனைவிக்கு வர ஒரு எட்டுதான். மனையிலிருந்து மனைவி, இல்லத்திலிருந்து இல்லாள் என்று தமிழுக்குப் பழகின தடம் அது. இன்றைக்கும் "எங்க வீட்டுல சொன்னாங்க" என்றால் சுவர் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நாம் மட்டுமா? பழைய மராத்தியில் 'ஆம்சே குடும்ப்' என்று கணவர் சொன்னால் மனைவி. வங்காளத்தில் அந்தக் காலத்து மனிதர்கள் 'அமார் பொரிபார்' என்றால் அதுவும் மனைவிதான். கரிசல் காட்டில் சம்சாரி என்றால் விவசாயி, மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. இந்தோனேசியாவில் இதே சொல் 'செங்சாரா' ஆகித் துன்பம் என்று பொருள்படுகிறது. அதைக் கேட்டுச் சிரிக்கிற கணவன்மார்கள் வீட்டில் சத்தமாகச் சிரிக்காமல் இருப்பது நல்லது.

இத்தனைக்கும் நடுவில் எது 'சரியான' பொருள் என்று தீர்ப்பு எழுத ஒரு பழைய அகராதி போதும் என்று நினைப்பவர்கள், அந்தக் குடிசைப் பகுதிக்கே போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

மூன்று வருடம் கழித்து நான் புனேயைக் காலி செய்தேன். ஒரு மெத்தை, ஸ்டவ், இரண்டு பக்கெட், ஒரு பெட்டி நிறையப் புத்தகம். எல்லாம் ஏறியும் டெம்போவில் முக்கால்வாசி காலியாகத்தான் இருந்தது. காகு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏவ்டாச் சன்சார்?" என்றார். இவ்வளவுதானா?

எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. "ஆமாம் காகு, இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.