விக் வைத்தால் கென்ஷின் ஆகிவிட முடியாது

ஜப்பானியக் கார்ட்டூனான ஒரு அனிமேவை லைவ் ஆக்‌ஷனாக நிஜ நடிகர்களை வைத்து எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் முதலில் கிளம்பும் சண்டை தலைமுடியைப் பற்றித்தான். நிறம் சரியாக இருக்கிறதா, தழும்பு அதே பக்கம் இருக்கிறதா என்று டிரெய்லரை நிறுத்தி நிறுத்தி மாங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) பக்கத்தோடு ஒப்பிடுகிறோம். இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. 2009ல் வந்த டிராகன்பால் எவல்யூஷனில் கதாநாயகன் கோகுவை அமெரிக்க ஹைஸ்கூல் பையனாக்கிவிட்டார்கள். மாற்றச் சொல்லியும் கேட்கவில்லை என்று மூல மாங்காவை வரைந்த அகிரா தொரியாமாவே பின்னாளில் வருத்தப்பட்டார். திரைக்கதை எழுதிய பென் ராம்ஸி 2016ல் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அப்படி ஒரு சூடு பட்ட பிறகு 'எதையும் மாற்றாதே' என்று ரசிகன் சொல்லத்தான் செய்வான்.

ஆனால் அந்தக் கோரிக்கையே தப்பு என்பது என் கட்சி.

விண்வெளி அனிமேயான கௌபாய் பீபாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2021ல் நெட்ஃபிளிக்ஸ் எடுத்தபோது இசைக்கு அனிமேயில் இருந்த அதே யோகோ கன்னோ. தொடக்கப் பாடல் காட்சி கிட்டத்தட்ட அப்படியே. கதாநாயகன் ஸ்பைக்கின் நீல உடை, கோர்கி நாய், எல்லாம் இருந்தன. மூல இயக்குநர் வதனாபேயின் பெயரும் ஆலோசகராக இருந்தது. நவம்பரில் வந்த தொடர் டிசம்பரிலேயே ரத்தானது.

1998ல் தொடங்கிய அனிமேயில் ஸ்பைக், அவனுடைய பழைய கூட்டாளி விஷஸ், காதலி ஜூலியா மூவருக்கும் இடையே நடந்ததை முழுசாகச் சொல்லவே மாட்டார்கள். மழை, தண்ணீரில் கிடக்கும் ரோஜா, ஒரு துப்பாக்கிச் சண்டையின் துண்டு. மீதியை 26 எபிசோடுகளும் நாம்தான் மனசுக்குள் கோத்துக்கொண்டு போவோம். நெட்ஃபிளிக்ஸ் தொடரோ விஷஸுக்கும் ஜூலியாவுக்கும் தனிக் கதையே எழுதி, அறைக்குள் உட்காரவைத்துப் பேசவிட்டது. கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் காப்பாற்றியவர்கள், சொல்லாமல் விட்டதைக் காப்பாற்றவில்லை.

இப்போது சாமுராய் கதையான ரூரோனி கென்ஷினுக்கு வருகிறேன். 2012ல் முதல் படம், 2014ல் இரண்டு, 2021ல் இரண்டு. ஐந்தையும் இயக்கிய கெய்ஷி ஓத்தொமோ, ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் சரித்திரத் தொடரான ரியோமாதென்னை இயக்கியவர். அதில் கொலைகாரன் ஓகாதா இசோவாக நடித்த தகேரு சாதோதான் இங்கே கென்ஷின். சண்டைகளை அமைத்த கென்ஜி தனிகாகி ஹாங்காங் சினிமாவில் தேறியவர்.

முதல் படத்தில் காவோரு என்ற பெண்ணின் டோஜோவுக்குள் (வாள்பயிற்சிக் கூடத்துக்குள்) அடியாட்கள் புகுந்துவிடும் காட்சியைப் பாருங்கள். கென்ஷின் இனிக் கொல்வதில்லை என்று சபதம் எடுத்தவன். அவன் வாளில் கூர்மை தலைகீழாக, அவன் பக்கம் திரும்பியிருக்கும். மாங்காவில் நாலு கோடு போட்டால் வேகம் வந்துவிடும், அடுத்த கட்டத்தில் எதிரிகள் தரையில் கிடப்பார்கள். படத்தில் சாதோ தரையோடு தரையாகக் குனிந்து ஓடுகிறார், சறுக்குகிறார், ஒருவனைத் தள்ளி இன்னொருவன் மேல் விழவைக்கிறார். கொல்வதென்றால் ஒரே வெட்டில் முடிந்துவிடும். கொல்லாமல் அத்தனை பேரையும் படுக்கவைப்பது எவ்வளவு கூடுதல் உழைப்பு என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. அந்தச் சபதத்தின் விலையை நான் மாங்காவைவிட இங்கேதான் நன்றாக உணர்ந்தேன். முடியின் பளிச் சிவப்பு அடங்கி, பழுப்பு கலந்துவிட்டது. உடை கசங்கியிருக்கிறது. யாருக்கு என்ன நஷ்டம்?

நான் எதிர்பார்ப்பது இதைத்தான். கோடு தர முடியாத ஒன்றை நிஜ மனுஷ உடம்பு தர வேண்டும். மூச்சு, எடை, களைப்பு. அது இல்லையென்றால் அனிமேயே போதும், எதற்கு இன்னொரு தடவை எடுக்க வேண்டும்? 2017ல் வந்த ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் படத்தில் ஜப்பானிய நடிகர்களுக்குப் பொன்னிற விக் மாட்டி ஐரோப்பா போன்ற தெருக்களில் நடக்கவிட்டார்கள். விக்தான் நடந்தது. அதே சமயம், ஜப்பானிய மாங்காவிலிருந்து கொரியாவில் எடுத்த ஓல்ட்பாய் (2003) சிறை வைத்த காலத்தை மாற்றியது, சிறை வைத்த காரணத்தையே மாற்றியது. ஆனால் அந்த நடைபாதைச் சண்டையில் சுத்தியலோடு மூச்சிரைக்க நிற்கும் ஆளை யார் மறக்க முடியும்?

2023ல் வந்த, கடற்கொள்ளையர் கதையான ஒன் பீஸும் எனக்கு இந்தக் கணக்கில்தான் சேர்கிறது. மாங்காவை வரைந்த எய்ச்சிரோ ஓடா கூடவே இருந்தார், அவருக்குத் திருப்தி வரும்வரை வெளியிடமாட்டோம் என்று ஒப்புக்கொண்டு எடுத்தார்கள். ஆனாலும் வில்லன் டான் கிரீக்கின் கதையை ஏறக்குறையத் தூக்கிவிட்டார்கள், கடற்படை அதிகாரி கார்ப்பை ஆரம்பத்திலேயே கொண்டுவந்துவிட்டார்கள். மாங்காவையே வேதமாக நினைப்பவர்களுக்கு இது பெரிய குற்றம். அப்புறம் கப்பல் கூட்டத்தைச் சேர்ந்த நாமி, தன்னை அடக்கிவைத்திருக்கும் கொள்ளைக்காரன் ஆர்லாங்கின் அடையாளமாகத் தோளில் குத்தியிருக்கும் பச்சையைக் கத்தியால் குத்திக்கொண்டு உதவி கேட்கும் இடம் வருகிறது. ஓடா அதை முகமெல்லாம் கண்ணீராக, வாய் கோணி வரைந்திருப்பார். நாமியாக நடித்த எமிலி ரட் அப்படி முகத்தைக் கோணவில்லை, சாதாரண மனுஷி அழுவது போல அழுதார். கதாநாயகன் லூஃபி தன் தொப்பியை அவள் தலையில் வைக்கும்போது எனக்கும் தொண்டை அடைத்தது.

அடுத்து நிஞ்ஜா பையன் கதையான நருடோவாம். டெஸ்டின் டேனியல் கிரெட்டன் இயக்குவதாக 2024ல் அறிவித்தார்கள். மஞ்சள் முடி எந்த அளவு மஞ்சள் என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். அந்த விவாதத்துக்கு நான் வரவில்லை. அவன் தன்னைப் போலவே பல உருவங்களை உண்டாக்கும் ஷேடோ குளோன் வித்தைக்கு என்ன செய்யப்போகிறார்கள்? கம்ப்யூட்டரில் நூறு முகத்தை ஒட்டி வைப்பார்களா, இல்லை ராத்திரி முழுக்கக் காட்டில் அதைப் பழகிக் களைத்துப்போகும் ஒரு பையனைக் காட்டுவார்களா? எனக்கு அது தெரிந்தால் போதும்.