உபுண்டுவைவிட டெபியன்
சர்வரில் எந்த லினக்ஸ் இயங்குதளம் போடலாம் என்ற உங்கள் பதிவில், சின்ன வலைத்தளங்களுக்கு உபுண்டு எல்டிஎஸ் (நீண்ட காலம் திருத்தம் வரும் பதிப்பு) போதும் என்று முடித்திருக்கிறீர்கள். தப்பில்லை, ஆனால் என் ஓட்டு இன்னொரு லினக்ஸான டெபியனுக்கு. 512 எம்பி ராம் உள்ள மலிவு விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்றில் இரண்டு வேர்ட்பிரஸ் தளங்களை அதில்தான் ஓட்டுகிறேன். உபுண்டுவில் மென்பொருள் நிறுவ வைத்திருக்கும் ஸ்னாப் மாதிரி சமாச்சாரங்கள் முதலிலேயே வந்து உட்காருவதில்லை.

டெபியன் இலகு என்பதற்காக ஸ்வாப் (ராம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடம்) வைக்க மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன். ஒருநாள் காலையில் இரண்டு தளமும் தரவுத்தளத்தோடு பேச முடியவில்லை என்று நின்றன. சர்வரின் லாக் கோப்பைத் திறந்தால், நினைவகம் தீர்ந்துபோய் ராத்திரியே கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) மரியாடிபி என்ற தரவுத்தள மென்பொருளைக் கொன்றிருந்தது. 1 ஜிபி ஸ்வாப் கோப்பு போட்டு, வேர்ட்பிரஸை ஓட்டும் பிஎச்பி புராசஸ் எண்ணிக்கையையும் குறைத்த பிறகு தொல்லை இல்லை.

இலவசமா என்பதைவிட எத்தனை வருஷம் பாதுகாப்புத் திருத்தம் வரும் என்று பாருங்கள். சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸுக்கு 2029 வரை என்றிருந்தது. 2020 டிசம்பரில் அறிவித்து, 2021 கடைசியோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கு மாற்றாக அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் பிறந்ததே அதனால்தான். டெபியனுக்கு எல்டிஎஸ் காலமும் சேர்த்து 5 வருஷம் கிடைக்கும்.

அப்புறம், தளங்களை நிர்வகிக்க சிபேனல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள்தான் வேண்டும் என்பவர்களுக்கு டெபியன் ஒத்துவராது. அவர்கள் அல்மாவோ உங்கள் உபுண்டுவோ பார்க்கட்டும்.