தசையின் எடையும் வலிமையும்

வளர்ச்சி ஹார்மோன் ஊசி விளையாட்டு வீரர்களின் ஆட்டத்திறனை உயர்த்தும் என்று, அந்த ஊசி பற்றிய கட்டுரையில் அதன் ஆசிரியர் பொத்தாம்பொதுவாகச் சொல்லியிருப்பது சரியன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் இந்தப் புரத ஹார்மோன் கல்லீரலைத் தூண்டி, வளர்ச்சியை ஊக்கும் ஐஜிஎஃப்-1 என்ற பொருளைச் சுரக்கச் செய்வதும், கொழுப்பைக் கரைப்பதும் உண்மையே. ஆனால் நலமான இளைஞர்களுக்குக் கூடும் கொழுப்பற்ற எடையில் கணிசமான பங்கு திசுக்களில் தேங்கும் நீர் என்பதால், வலிமை அதற்கேற்பக் கூடுவதில்லை. குன்னூரில் எங்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வரும் இளைஞர் ஒருவருக்கு, ஊசி போடத் தொடங்கியபின் மோதிரத்தைக் கழற்ற முடியாத அளவுக்கு விரல்கள் வீங்கின. காலையில் எழுந்தால் கை மரத்துப்போகிறது என்றார். இந்த ஊசியால் ரத்தச் சர்க்கரை ஏறக்கூடும் என்பதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. உதகையின் உயரத்தில் ஓடிப் பழகுவோருக்குச் சிறுநீரகம் கூடுதலாகச் சுரப்பது எரித்ரோபாய்ட்டின் என்ற, ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் வேறொரு ஹார்மோன். கட்டுரை அதையும் வளர்ச்சி ஹார்மோனோடு சேர்த்துக் குழப்பியிருக்கிறது.