கோதுமை கப்பல் மட்டும் போதாதுங்க

உக்ரைன் போர் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ஆப்பிரிக்க நாடுகளுக்கு கோதுமை கப்பல் எப்ப போய் சேரும்ங்கறதையே உங்க கட்டுரை முழுக்க பேசியிருக்கீங்க, அது அவசரம்தான், ஆனா வயிறு ரொம்பறதும் உடம்புக்கு சத்து சேர்றதும் ஒண்ணில்லையே. மொசாம்பிக்க எடுத்துக்கங்க, 2000ல வந்த பெரிய வெள்ளம் வயலெல்லாம் அடிச்சிட்டு போயிடுச்சு, அப்ப மரியா அந்த்ராடேனு ஒரு விஞ்ஞானி நிவாரணத்தோட சேர்த்து ஆரஞ்சு கலர் சக்கரவள்ளி கொடியும் ஜனங்க கைக்கு போக பாடுபட்டாங்க. அங்க வழக்கமா சாப்பிடற வெள்ளை கிழங்குல வைட்டமின் ஏ இல்லாத மாதிரிதான், இந்த ஆரஞ்சு கிழங்கு 125 கிராம் அவிச்சு குடுத்தா ஒரு சின்ன குழந்தைக்கு அன்னிக்கு வேண்டிய வைட்டமின் ஏ கிடைச்சிடும். சத்தில்லாம குழந்தைங்க கண்ணு போற ஊர்ல இது எவ்ளோ பெரிய விஷயம்! இலையையும் கீரையா சமைக்கலாம். 2016ல மரியாவையும் சேர்த்து நாலு பேருக்கு உலக உணவு பரிசு குடுத்தாங்க.

சிக்கல் எங்கன்னா, நடறதுக்கு கொடி வேணும், வறட்சில கொடி காஞ்சிட்டா அடுத்த மழைக்கு கையில ஒண்ணும் இருக்காது. அதுக்கு கிழக்கு ஆப்பிரிக்காவுல நல்ல சின்ன கிழங்கா பொறுக்கி, பேசின்ல காஞ்ச மணலுக்குள்ள அடுக்கி வீட்டுக்குள்ளயே வச்சிடறாங்க, மழைக்கு ரெண்டு மாசம் முன்னாடி முளை விட்டத எடுத்து வீட்டோரமா நட்டு தண்ணி ஊத்தினா மழை வரும்போது கொடி ரெடி. பெரிய செலவே இல்ல, நிவாரண பணத்துல இதுக்கு ஒரு பங்கு ஒதுக்க என்ன தயக்கம்னுதான் ஆத்திரமா வருது, அடுத்த தடவை இதையும் எழுதுங்க ப்ளீஸ்.